சூடு ஆறாத டப்பா

ஸ்டேஷன் போன் அடித்தது.

காலை பதினொன்றே கால். இன்ஸ்பெக்டர் அன்றைய நான்காவது கொட்டாவியில் இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருந்த பெயரும் கொட்டாவிதான். ஆனால் கொட்டாவி விட்டுக்கொண்டே ஏழு கொலைகாரர்களை உள்ளே தள்ளியவள். வாய் திறந்திருந்தாலும் காது தூங்காது!

எடுத்தாள்.

"மேடம்... எங்க அண்ணி..." பெண் குரல்.

"அண்ணிக்கு என்னம்மா?"

"கீழ சமைச்சிட்டிருக்காங்க."

"நல்ல விஷயம்தானே?"

"அவங்க செத்து பதினாலு மாசமாச்சு மேடம்."

கொட்டாவி பாதியில் நின்றது.

விலாசம் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த வீட்டு ஃபைலை மூடியதே அவள்தான்.

கடிகாரம் ரிப்பேர் செய்பவரின் வீடு. கீழே அவர், மனைவி, எட்டு வயது மகள் குட்டி. மாடியில் அவருடைய தங்கை. மருந்துக் கடையில் வேலை. அம்மாவுக்கும் மகளுக்கும் வேர்க்கடலை ஆகாது. ஒரு துளி வாயில் பட்டாலே தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும். அதனால் அந்தச் சமையலறை ஒரு கோட்டை! தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, சிவப்பு மூடி போட்ட டப்பாக்கள். சமைக்கும் நேரத்தில் கதவு சாத்தியே இருக்கும். யார் கையில் என்ன தூசு ஒட்டியிருக்குமோ?

அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து வந்த சாப்பாட்டைப் பற்றித் தெருவே பேசும். சனிக்கிழமைதோறும் கடிகாரக்காரர் மனைவி கூடத்தில் வகுப்பு எடுப்பாள். அலர்ஜிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். வார இதழ் ஒன்றில் கரண்டியோடு அவள் படம் வந்தது. 'சிவப்பு மூடி ராணி' என்று தலைப்பு!

படம் வந்து ஆறாம் நாள், மதியம், தன் வீட்டு மேஜையில், தன் கையால் சமைத்த பூசணி சூப்பைக் குடித்து ராணி செத்துப்போனாள். அவசர ஊசியைப் போட்டுக்கொண்டும் மூச்சு திரும்பவில்லை.

சூப்பில் வேர்க்கடலை இருந்தது!

சமைத்தவளே செத்தால் யாரைப் பிடிப்பது? அன்று காலை கடலை கொறித்துவிட்டுக் கத்தி கேட்கக் கீழே போன தங்கையின் கைத்தூசுதான் காரணம், விபத்து என்று ஃபைல் முடிந்தது. தெரு அவ்வளவு சுலபமாக முடிக்கவில்லை. தங்கை தண்ணீர் பிடிக்க வந்தால்கூட எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்தன.

அந்தத் தங்கைதான் இப்போது வாசலில் நின்றாள். கொட்டாவியின் கண் முதலில் போனது அவள் கைகளுக்கு. தேய்த்துத் தேய்த்துக் கழுவி, தோல் உரிந்து, சிவந்த கைகள்.

தலைவலி என்று கடையில் சொல்லிவிட்டுப் பத்தரைக்கே வந்துவிட்டாளாம். மாடியில் படுத்திருந்தபோது தரைக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்டதாம்.

"டக்... டக்னு ரெண்டு தடவை மேடம். கரண்டிய சட்டி விளிம்புல தட்டற சத்தம். ஒன்பது வருஷம் தினமும் கேட்டிருக்கேன். அது அண்ணி தட்டறதுதான்."

"உடனே கீழ வந்தீங்களா?"

"கால் வரல. கால் மணி நேரம் கழிச்சுத்தான் வந்தேன். அண்ணன் கடைல, குட்டி ஸ்கூல்ல. உள்ள யாருமே இல்ல. ஆனா..."

அடுப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கொட்டாவி தொட்டாள்.

சூடு!

ஃப்ரீஸரைத் திறந்தாள். குளிர்ப் புகைக்குள் பதினோரு டப்பாக்கள். பதினோரு சிவப்பு மூடிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய சீட்டில் இறந்தவளின் சாய்ந்த கையெழுத்து: 'குட்டிக்கு. கடலை இல்லை.'

அதில் ஒரு டப்பா இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

கூட வந்த கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் போனார். அவருக்கு வெளியே ஜீப்பில் ஏதோ வேலை இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்துவிட்டது.

தங்கையின் குரல் இறங்கியது. அண்ணி போன அன்று ஃப்ரீஸரில் முப்பத்தெட்டு டப்பாக்கள் இருந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் அழுகைக்கு நடுவிலும் எண்ணிவிட்டுத்தான் போனார்கள். 'அம்மா உனக்காகச் செஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கா' என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, அண்ணன் தினம் ஒன்றாகக் குட்டிக்குக் கொடுத்தார். தங்கை அதற்குப் பிறகு இன்று காலை வரை அந்தச் சமையலறைக்குள் காலே வைத்ததில்லை.

"எப்பவோ தீர்ந்திருக்கணும் மேடம். தீரவே இல்ல. அண்ணி போகவே இல்ல. என் கையாலதானே செத்தாங்க... அதான் என் தலைக்குக் கீழயே வந்து தட்டறாங்க."

கொட்டாவி மூடியை வெளிச்சத்தில் திருப்பினாள். சீட்டின் மேல் ஒட்டியிருந்த டேப், ஓரமெல்லாம் பழுப்பேறி, பலமுறை கழுவி மங்கியிருந்தது.

சீட்டு பழசு. சூப் புதுசு!

பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அதைத் திறந்தால் சந்து. சந்து முடிகிற இடத்தில் கடிகாரக் கடை.

கடிகாரக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். கொட்டாவி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடுகிறது என்றாள். அவர் பின்மூடியைத் திறந்தார். மனைவியைப் பற்றிக் கேட்டாள். அவள் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இடுக்கியால் ஒரு திருகாணியை எடுத்து வைத்தார். இடுக்கியை மேஜை விளிம்பில் தட்டினார்.

டக்... டக்.

கொட்டாவி குனிந்து அந்த இடுக்கியைப் பார்த்தாள்.

"அது என்ன சார் பழக்கம்?"

"முனைல தூசு ஒட்டியிருந்தா விழுந்துடும் மேடம். சின்ன வயசுலேர்ந்து கையே தன்னால தட்டிடும்."

மூன்றரைக்குக் குட்டி வந்துவிடுவாள் அல்லவா, வீட்டில் எல்லோரிடமும் ஒரு சின்ன விசாரணை என்றாள் கொட்டாவி. கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாள். இப்போது அது சரியாக ஓடியது.

மூன்று நாற்பது.

குட்டி பையைக்கூடக் கழற்றவில்லை. தங்கை சுவரோடு சுவராக நின்றாள். கடிகாரக்காரர் நாற்காலி நுனியில். மேஜையில் அந்த டப்பா, திறந்தபடி. கொட்டாவி ஸ்பூனை எடுத்தாள்.

"மேடம், அது எவிடென்ஸ்..." என்று கான்ஸ்டபிள் இழுத்தார்.

"பாதி உங்களுக்கு மிச்சம் வைக்கிறேன்."

ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்கா இவ்வளவு பேர் புகழ்? உப்பு தூக்கலா இருக்கு. பூசணி வேகவே இல்ல. தப்பா நினைக்காதீங்க சார், உங்க மனைவிக்குச் சமையல் அவ்வளவாத் தெரியாது போல."

கடிகாரக்காரரின் தாடை இறுகியது. விரல்கள் தொடையில் புதைந்தன. வாய் மட்டும் திறக்கவில்லை.

கல்லுளிமங்கன்!

ஆனால் கொட்டாவி எதிர்பார்க்காத இடத்திலிருந்து பதில் வந்தது.

"பொய் சொல்றீங்க ஆன்ட்டி." குட்டி. மூக்கு விடைத்திருந்தது. "எங்கப்பா உப்பை அளந்து அளந்துதான் போடுவாரு. எப்பவுமே."

"குட்டி..." என்றார் அவர்.

"போங்கப்பா, அவங்க தப்பாச் சொல்றாங்க. அம்மாவுக்கு முட்டை உடைக்கக்கூடத் தெரியாது. மூடில எழுதறது மட்டும்தான் அம்மா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மாதான் சத்தியம் வாங்கினாங்க. இப்பதான் அம்மா இல்லையே!"

சுவரில் நான்கு கடிகாரங்கள் ஓடின.

கொட்டாவி, குட்டியைக் கான்ஸ்டபிளோடு மாடிக்கு அனுப்பினாள். காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள்.

"செத்தவங்க சமைக்க மாட்டாங்க சார். இன்னிக்குத் தட்டின கைதான் ஒன்பது வருஷமும் தட்டியிருக்கு. அன்னிக்கு அந்த சூப்பை வெச்சதும் அதே கைதான். 'சமைச்சவளே செத்தா'ன்னு நான் எழுதினேன் பாருங்க... அந்த ஒரு வரியிலதான் நீங்க பதினாலு மாசம் ஒளிஞ்சிட்டிருந்தீங்க."

அவர் தலை குனிந்தார்.

"அண்ணா." தங்கை சுவரை விட்டு நகர்ந்தாள். தோலுரிந்த இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்ப... இது இல்லையா?"

அவர் பார்க்கவில்லை.

"உங்ககிட்டத்தான் கேக்கறேன். தினமும் பிரஷ்ஷால தேச்சுக் கழுவினேன். நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் கொட்டாவியிடம்தான் பேசினார், மிக மெதுவாக, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பது போல.

"ஒரே ஒரு வரி கேட்டேன் மேடம். இதழ்ல படம் வரும்போது, கீழ ஓரமா என் பேரும் வரட்டும்னேன். சிரிச்சா. கரண்டி பிடிக்கற புருஷன்னு தெரிஞ்சா என் கிளாஸுக்கு எவ வருவான்னா. இதழ் வந்தப்ப ஊரே வந்து அவ கையைப் பிடிச்சுப் பாராட்டிச்சு. நான் எல்லாருக்கும் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்."

அரை ஸ்பூன் கடலைப் பொடி. காலையில் கடைக்குப் போகும் முன் கலக்கினார். குட்டி அன்று பள்ளியில் இருப்பாள், அவள் டப்பா தனி என்பதையெல்லாம் யோசித்த பிறகே கலக்கினார். சும்மா பயமுறுத்தத்தான் என்று ஆரம்பித்தவர், கொட்டாவி பார்த்த பார்வையில் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

"அதோட நிறுத்தியிருந்தா மாட்டியிருக்கவே மாட்டீங்களே சார்."

"முப்பத்தெட்டாவது டப்பா தீர்ந்த மறுநாள் வேற சாப்பாடு கொடுத்தேன். அம்மா எழுதின மூடி இல்லாம குட்டி வாயே திறக்கல. மூணு நாள். என்ன பண்ணச் சொல்றீங்க?"

வாசலில் தெரு முழுக்கக் கூடியிருந்தது. நேற்றுவரை தங்கையைப் பார்த்து முணுமுணுத்த வாய்கள், 'எனக்கு அப்பவே தெரியும்' என்று இப்போதே ஆரம்பித்திருந்தன.

படியில் அவர் நின்றார். தங்கையைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "உள்ள பத்து டப்பா இருக்கு. பத்து நாள். அதுக்குள்ள கத்துக்கோ. சூப்புக்கு உப்பு கடைசில போடணும்."

அவள் உள்ளே போனாள். கைகளைக் கழுவினாள், ஒரே ஒரு முறை. பிறகு, பத்து வருஷமாகச் சாத்தியே இருந்த அந்தச் சமையலறைக் கதவை விரியத் திறந்து, நகராமல் இருக்க ஒரு சட்டியை முட்டுக் கொடுத்தாள்.

ஜீப் கிளம்பியது. இரண்டு தெரு தாண்டியது. கடிகாரக்காரரின் விரல்கள் ஜன்னல் கம்பியில் தட்டின.

டக்... டக்.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. உப்பு நிஜமாவே தூக்கலா?"

கொட்டாவி வாயைப் பிளந்து, நிதானமாக, அன்றைய ஐந்தாவது கொட்டாவியை விட்டு முடித்தாள்.

"பிரமாதமா இருந்துச்சு சார். ஜெயில் கிச்சன்ல ஆள் தேவைன்னு கேட்டுட்டே இருக்காங்க... இந்தத் தடவை உங்க பேரை நானே சொல்றேன்."