கண் வெட்டாத முகங்கள்

ஒரு முகமூடிக்கும் கண் இல்லை.

மூக்கு இருந்தது, உதடு இருந்தது, சிலவற்றுக்குக் காதுகூட இருந்தது. கவிழ்த்த மண்சட்டியின் மேல் மைதாப் பசையில் தோய்த்த பத்திரிகைத் துண்டுகளை ஒட்டி, காய்ந்ததும் கழற்றி, கண் இருக்கும் இடத்தில் ஓட்டை போட வேண்டும் என்று பிச்சுமணி தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் செய்யவில்லை. மூக்கொழுகும் கழுதைகள். மதராஸில் ஓவியம் படித்தவன், மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கில் நடக்கிற பள்ளியில், இதுகளின் பசைக் கைகளைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கிறான்.

முன்வரிசையில் இருந்த காளியம்மையின் முகமூடியை விரலால் சுண்டினார்.

"ஏண்டி, கண்ணு எங்கே?"

"வெட்டல்லெ சாரே."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"தொறந்தா பாக்கும்."

"எது பாக்கும்?"

அவள் முகமூடியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் சேர்ந்தே முட்டாளாக இருக்கின்றன என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் கண்காட்சி. சாயங்காலம் பிள்ளைகள் போனதும், தலைமையாசிரியை கனகாம்பாள் குடையை விரித்தபடி வாசலில் நின்றாள்.

"குழந்தேள் செஞ்சதை அப்படியே வெச்சாப் போறும், பிச்சுமணி சாரே. நீங்க கை வெக்கண்டா."

"ஓகோ" என்றார். கலையைப் பற்றி இவளிடம் பாடம் கேட்க வேண்டும்!

அவள் தலை மறைந்ததும் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓட்டின் மேல் ஆனி மழை இடைவிடாமல் இரைந்துகொண்டிருக்க, அரிசிச் சந்தையிலிருந்து திரும்பும் கைவண்டிகளின் கடகடப்பும் பக்கத்துச் சாயாக்கடை ரேடியோவின் பாட்டும் ஈரத்தோடு உள்ளே வர, சுவரில் ஊறிப்போன பழைய சுக்கின் காரநெடியையும் பசையின் புளித்த நாற்றத்தையும் தலைக்கு மேலே மின்விசிறி கலக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முகத்திலும் நேர்த்தியாக இரண்டு ஓட்டைகள் வெட்டி, எதிரே அலமாரியில் சுவரோடு சாய்த்து வைத்தார். கடைசியாகக் காளியம்மையுடையது. பிளேடு காகிதத்தைத் தாண்டி, மெத்தென்று எதிலோ பட்டது. திருப்பிப் பார்த்தார். உள்ளே வெறும் குழிவு.

அதை வைத்த கையோடு கரண்ட் போயிற்று. பல்பு அணைந்தது. விசிறி நின்றது. ரேடியோவும் நின்றது. ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம் மட்டும்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பசையில் ஒட்டிய விரலை மெல்லப் பிரிப்பதுபோல. அலமாரியிலிருந்து.

எலியாக இருக்கும். இந்த ஊரில் கொழுப்பது எலி ஒன்றுதான்.

நிமிர்ந்து பார்த்தார். பின்னால் இருப்பது வெள்ளையடித்த சுவர். ஓட்டைகள் வழியே வெள்ளை தெரிய வேண்டும். தெரியவில்லை. கறுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது.

கையை இடப்பக்கம் நகர்த்தினார்.

அத்தனை ஓட்டைகளிலும் கறுப்பு இடப்பக்கம் நகர்ந்தது.

"போறும்..." என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. பசைக் கிண்ணத்தை இழுத்தார். பத்திரிகையைக் கிழித்தார். ஒட்டினார். ஒவ்வொரு ஓட்டையாக. கட்டைவிரலுக்கு அடியில் இமை ஒன்று துடித்தது. அழுத்தினார். அடங்கும்வரை அழுத்தினார். அடுத்தது. அடுத்தது. எல்லாவற்றையும் மூடினார்.

மூச்சு வாங்கியது. அதற்குள் ஜன்னல் வெளிச்சமும் போய்விட்டது. ஒரே இருட்டு.

விசிறி சுழலத் தொடங்கியது. சாயாக்கடை ரேடியோ பாதிப் பாட்டிலிருந்து பாடியது. கரண்ட் வந்துவிட்டது.

வெளிச்சம் வரவில்லை.

பல்பு போயிருக்கும். சனியன்.

முகத்து வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். சொரசொரப்பு. துண்டின் மேல் துண்டு. நன்றாகக் காய்ந்திருந்தது. விளிம்பை நகத்தால் தேடினார். விளிம்பு இல்லை. கண்ணைத் தேடினார்.

தட்டையாக இருந்தது.

எதிரே, அலமாரியில், ஈரக் காகிதம் ஒவ்வொன்றாகப் பிரியும் ஓசை கேட்டது.