நான்கு முழத் தூரம்

பாப்பாவுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது; இன்னும் பெயர் வைத்தபாடில்லை. இரண்டு சம்பந்திமாரும் "உங்க இஷ்டமுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் பெயர் எங்கிருந்து வரும்?

எல்லாம் இணக்கி செய்த வேலை. மணிக்கட்டில் கட்டும் சின்னப் பட்டைதான். எதிரில் இருப்பவர் மனம் நோகப் போகிறது என்று அவருடைய பட்டை சொன்னால், உங்கள் நாக்கையோ கையையோ இது கொஞ்சம் மட்டுப்படுத்தும். அப்போது பட்டையில் பச்சை விளக்கு எரியும். அது வந்த ஏழு வருஷத்தில் பங்காளிகள் வரப்புத் தகராறை மறந்தார்கள். பேருந்தில் ஜன்னலோர இருக்கைகள் யாருமே உட்காராமல் காலியாகப் போயின.

பதிவேட்டில் பெயர் ஏற்ற அந்த ஞாயிறுதான் கடைசி நாள். தவறினால் 'பெயரிலி' என்று எண் போட்டுவிடுவார்கள். பாப்பாவின் அம்மா பூவிழிதான் அந்த ஏற்பாட்டைச் செய்தாள்: மெய்நிகர் ரேக்ளா, திரையில் ஓட்டும் மாட்டுவண்டிப் பந்தயம். அப்பா ஒரு வண்டி, மாமியார் ஒரு வண்டி. எல்லையை முதலில் தொடுகிறவர் பெயர் வைக்கலாம். அந்தக் களத்தில் இணக்கிக்கு அனுமதி இல்லை. பட்டைகள் பேசிக்கொள்ளும் அலையை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள்.

அப்பா தங்கவேல் பொள்ளாச்சியில் இருந்தார். மாமியார் வள்ளிநாயகி மூத்த மகனோடு ஆக்லாந்தில். வெளிநாட்டுக்கு அந்த ஆட்டம் திறக்காது என்பதால் அவருக்கு மட்டும் பூவிழி ஒரு மறைவழி போட்டுக் கொடுத்திருந்தாள். பூட்டிய குழாய் மாதிரி அது; உள்ளே என்ன போகிறது என்று களத்துக்குத் தெரியாது, கோவையிலிருந்து வருவதாகவே நினைத்துக்கொள்ளும்.

பத்து மணிக்கு வண்டிகள் கிளம்பின. முதல் நூறு மீட்டர் நன்றாகத்தான் ஓடின. அப்புறம் மாடுகள் நடந்தன. கடைசியில் எல்லைக்கு நான்கு முழம் இருக்கும்போது, இரண்டு ஜோடியும் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றன.

"நெட்டு சரியில்லீங்களா கண்ணு?" என்றார் மாமியார் திரையிலிருந்து.

"இருங்கத்தை, பாக்கறேன்."

வலைப் பழுது பார்ப்பதுதான் பூவிழிக்குப் பிழைப்பு. மாமியாரின் மறைவழியைக் கோவையிலேயே வேறொரு நுழைவாயிலுக்கு மாற்றினாள். குழாய்ப் பூட்டின் கனத்தைக் குறைத்தாள். வீட்டில் ஓடிய மற்ற கருவிகளையெல்லாம் அணைத்தாள். கணவன் நிமலன் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மோடத்த ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமா பூவி?" என்றான். எல்லாக் கணவர்களும் சொல்வது அது. அதையும் செய்தாள். மாடுகள் அசையவில்லை.

கடைசியில் தாமதமானியை ஓடவிட்டாள். செய்தி ஆக்லாந்து போய்த் திரும்ப நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆனது. ஒரு துணுக்குகூட வழியில் தொலையவில்லை. வலை நன்றாகவே ஓடியது, மாடுதான் ஓடவில்லை. அப்போதுதான் இணைப்புப் பட்டியலில் இரண்டாவதாக ஒரு மறைவழி இருப்பதைக் கண்டாள். ஒரு முனை ஆக்லாந்து. மறுமுனை பொள்ளாச்சி.

"அப்பா, உள்ளூர்ல இருந்துட்டு உங்களுக்கு எதுக்குங்க மறைவழி?"

திரையில் தங்கவேல் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டார். அந்த வெயிலில் முழுக்கை.

"கையைத் தூக்குங்கப்பா."

மணிக்கட்டில் பச்சை எரிந்தது.

"கோவிச்சுக்காத கண்ணு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைத் தோக்கடிச்சா நல்லா இருக்குமா? நாளைக்கு உன்னை ஒரு வார்த்தை சொல்லீட்டா?"

"அய்யோ அண்ணா!" வள்ளிநாயகி தன் வளையல்களை மேலே தள்ளினார். அங்கேயும் பச்சை. "பொண்ணு குடுத்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு நானுமில்ல கட்டீட்டு உக்காந்திருக்கிறேன்!"

இருவரும் தனித்தனியே ஒரே பட்டைக் கடைக்காரனைப் பிடித்து, பட்டைகள் களத்துக்குத் தெரியாமல் பேசிக்கொள்ள வழி போட்டிருந்தார்கள். 'நீங்கள் முன்னே போங்கள்' என்று ஒரு பட்டை சொல்ல, 'முடியாது, நீங்கள்தான்' என்று மற்றது சொல்ல, நான்கு முழத்தில் ஒரு மணி நேரம் போயிருந்தது. பூவிழிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ரெண்டு பேரும் கழட்டுங்க. இப்பவே."

கழற்றினார்கள். மறுபடி முதலிலிருந்து ஓட்டம். இந்தத் தடவை புழுதிதான் தெரிந்தது.

"தள்ளுங்கண்ணா, தள்ளுங்க! குறுக்க வராதீங்க!"

"அதெப்படி? ஒத்திப் போங்க சம்பந்திம்மா!"

சம்பந்தியான நாளிலிருந்து குசலம் தவிர எதுவும் விசாரித்திராதவர்கள் அடித்தொண்டையில் கத்தினார்கள். பாப்பா கைதட்டியது. பூவிழிக்கு மனசு நிறைந்துபோயிற்று. வள்ளிநாயகி ஒரு மூக்கணாங்கயிறு நீளத்தில் ஜெயித்தார்.

"சும்மா தூங்குமூஞ்சி மாடுங்கண்ணா உங்களுது," என்று சிரித்தவர், மூச்சு வாங்கிக்கொண்டு அறிவித்தார். "எங்கம்மா பேரு. நாச்சம்மாள்."

பதிவேட்டுத் திரை திறந்தது. தாய், தந்தை இருவரும் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். பூவிழி விரலை நீட்டினாள்.

"உனக்குச் சம்மதந்தான?" என்றான் நிமலன்.

"உங்களுக்கு?"

"உன் இஷ்டம்தான் பூவி."

"நீங்களே முதல்ல அழுத்துங்க."

இரண்டு விரல்களும் பொத்தானுக்கு மேலே நின்றன. 'காத்திருக்கிறது' என்று சக்கரம் சுற்றியது.

"நெட்டு திரும்பவும் ஸ்லோ போல," என்றான் நிமலன்.

பூவிழியின் கை பழக்கத்தில் தாமதமானியைத் தேடிப் போனது. மணிக்கட்டில் பச்சை எரிவது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அவன் கையிலும் எரிந்தது. கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் ஒரு சண்டைகூடப் போட்டதில்லை என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறாள்! கொக்கியை நெம்பிப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவனும் கழற்றினான்.

"எனக்கு இந்தப் பேரு பிடிக்கல," என்றாள்.

"அப்பாடா! எனக்குந்தான்."

"ஏன் பிடிக்கல?"

பொள்ளாச்சியிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் அந்தக் கேள்வி ஒரே குரலாக, துளித் தாமதம் இல்லாமல் வந்து சேர்ந்தது.