வீடு வந்தாச்சு, தாத்தா

பொம்மை லேசாக இருந்தது.

செவிலியர் கல்லூரிப் பயிற்சிக் கூடத்தில் அந்த ரப்பர் பொம்மையைப் புரட்டிப் புரட்டியே யுன்சிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வளர்ந்த ஆளின் கனம் அதற்கு. ஒருக்களிக்க வைப்பதற்குள் முதல் பருவத்துப் பெண்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். இன்றைக்கோ, “தாத்தா, இப்ப உங்களை என் பக்கமா திருப்பப் போறேன்” என்று சொல்லித் தோளில் கை வைத்ததுமே அது வந்துவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்டு, தானும் உடம்பைக் கொடுத்துத் திரும்பும் நோயாளி அப்படித்தான் வருவார். வெளியே தைவானின் கீலுங் துறைமுகத்தின் மேல் வழக்கம்போல மழை. கூடத்துக்குள் கிருமிநாசினி நெடியும், காயாத துணிகளின் பூஞ்சை வாடையும், இரண்டுக்கும் அடியில் டீசலும் உப்புத் தண்ணீரும் கலந்த இன்னொரு வாடையும் இருந்தன. துறைமுக ஊரில் டீசல் வாடைக்கா பஞ்சம் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

நோயாளிக்கு எதைச் செய்வதானாலும் முதலில் அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் தேர்வில் பூஜ்யம். கோ டீச்சர் முதல் வகுப்பிலேயே போட்ட சட்டம் அது. யுன்சி ஏற்கெனவே ஒருமுறை டீச்சர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டு தோற்றிருந்தாள். மறுதேர்விலும் தோற்றால் படிப்பு போச்சு, மூட்டை கட்டிக்கொண்டு ஹுவாலியனுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அப்பா மீன் சந்தை முழுக்க ‘என் பொண்ணு நர்ஸ்’ என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பயத்தில் அவள் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிப் பழகினாள். ‘செருப்பு போடப் போறேன், படி இறங்கப் போறேன்’ என்று உதடு தன்பாட்டுக்கு முணுமுணுக்கும். ஒரே அறையில் இருந்த ஜியாமின் தலையில் அடித்துக்கொள்வாள். “ராத்திரியாவது அந்த வாயைக் கழட்டி வச்சிட்டுத் தூங்குடி.”

அந்த வாய்தான் வினையாக முடிந்தது.

போன வாரம் அவர்களை ஆஸ்பத்திரிக்கு வேடிக்கை பார்க்க மட்டும் அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு வெங் தாத்தாவை வீட்டுக்கு அனுப்பும் வேலை வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வலது கட்டைவிரல் நகம் நடுவே பிளந்து கறுத்திருக்கும். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள். அந்த ஊர் வழக்கப்படி கடைசி மூச்சு வீட்டில்தான் போக வேண்டும். அதற்காகக் காற்றை உள்ளே தள்ளும் ஆம்பு பையைக் கையால் அழுத்தி அழுத்தி, மூச்சை நிற்க விடாமல் ஆம்புலன்ஸில் கொண்டுபோவார்கள். வழி நெடுகப் பாலம் வருகிறது, சுரங்கம் வருகிறது என்று காதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்லாவிட்டால் உயிர் வழியில் எங்காவது தங்கிவிடும். சொல்ல வேண்டியவன் மகன். அவனுக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

பையை அழுத்திக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் சூஃபென் அக்கா யுன்சியைப் பார்த்தாள். “காதுகிட்ட நீதானே உக்காந்திருக்கே. நீயே சொல்லிட்டு வாம்மா. சொல்லிச் சொல்லிப் பழகுற பொண்ணுதானே.”

யுன்சி சொன்னாள். “தாத்தா, வண்டி கிளம்பிடுச்சு, வாங்க. பாலம் வருது, கூடவே வாங்க. சுரங்கம், இருட்டா இருக்கும், பயப்படாதீங்க, நான் இருக்கேன்.” சொல்லச் சொல்ல நடுக்கம் போய்விட்டது. தானும் ஒரு நர்ஸ் என்று முதல்முறையாகப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் மகன் விம்மலுக்கு நடுவே, “அப்பா, வீடு வந்தாச்சு” என்றான். குழாயை எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து புஸ்ஸென்று காற்று வெளியேறியது, அவ்வளவுதான்.

திரும்பும்போது அவள் தனியாக பஸ்ஸில் வந்தாள். கண்ணாடியில் தலை சாய்த்திருந்தாள், அரைத் தூக்கம். உதடு மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கம் வருது. பாலம் வருது. இறங்குறோம். லிஃப்ட்ல ஏறுறோம். அறைக் கதவைத் திறக்கும்போதுதான் தான் பேசிக்கொண்டே வந்திருப்பது அவளுக்கே தெரிந்தது.

அன்று முதல் விடுதி லிஃப்ட் அவளிடம் ஒரு மாதிரி நடந்துகொண்டது. அவள் ஏறியதும் கதவு மூடத் தொடங்கும், பிறகு மனம் மாறித் திறக்கும். தளர்ந்த நடையில் ஒருவர் உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் திறந்தபடி நின்று, பிறகு மூடும். அறையில் அவளுடைய அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு காலியாகக் கிடந்தது. அங்கிருந்து சாயங்கால மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு புஸ் வரும். கொஞ்சம் விட்டு இன்னொன்று. உள்ளே இழுக்கும் சத்தமே கிடையாது, வெளியே விடும் சத்தம் மட்டும்.

“மூச்சை மெதுவா விடேன்டி, படிக்க முடியல” என்றாள் ஜியாமின்.

“நான் விடல.”

“பின்னே யாரு, உங்க தாத்தாவா?”

யுன்சி உடைந்து அழுதுவிட்டாள். பஸ்ஸில் வந்தது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜியாமின் கேலியை விட்டுவிட்டுக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“மகன் சொன்னது அவர் காதுல ஏறியிருக்காது. வழியெல்லாம் கேட்டது உன் குரலைத்தானே? கூட்டிட்டுப் போன வாய்தான் வந்தாச்சுன்னு சொல்லி முடிக்கணும். நீ சொல்லலைன்னா உன் பின்னாலயேதான் வருவாரு.”

யோசிக்க எங்கே நேரம்? அவ்வளவு பயம் அவளுக்கு. அங்கேயே எழுந்து நின்றாள், கீழ்க் கட்டிலைப் பார்த்துக் கை கூப்பினாள். “வீடு வந்தாச்சு, தாத்தா.”

சத்தம் நின்றது. யுன்சிக்கு உயிர் வந்தது. சிரித்தபடி திரும்பினால் ஜியாமின் முகத்தில் ரத்தமே இல்லை.

“இங்கயா சொல்லச் சொன்னேன்? அவர் வீட்ல போய்ச் சொல்லச் சொன்னேன்டி.”

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஜியாமின் போர்வையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். கெஞ்சியும் நிற்கவில்லை. “என்னை மன்னிச்சுக்கோ, ஆனா நான் அங்க படுக்க மாட்டேன்” என்றாள்.

மறுநாளே யுன்சி வெங் தாத்தா வீட்டுக்குப் போனாள். பாலத்தையும் சுரங்கத்தையும் சொல்லிக்கொண்டே போனாள். பூட்டிய கதவின் முன்னால் நின்று தொண்டை வறளும்வரை “இதுதான் உங்க வீடு, தாத்தா” என்றாள். திரும்பும்போது உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டே வந்தாள். விடுதி லிஃப்டில் ஏறினாள். கதவு மூடியது, மறுபடி திறக்கவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்தது. விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று நினைத்தாள், பாவம்.

அறையைத் திறந்தாள். டீசல் வாடை. கீழ்த்தட்டு மெத்தை ஆள் நீளத்துக்கு அமுங்கி, ஈரமாக இருந்தது. வீட்டிலேயே இருக்கிறவர் லிஃப்டுக்கு எதற்கு வரப்போகிறார்?

தேர்வன்று காலையில் அவள் கோ டீச்சரிடம் போய் நின்றாள். “டீச்சர், நான் பேசாம செஞ்சு காட்டட்டுமா?”

“ஊமைப் படமா காட்டப் போறே?” டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “வாயைத் திறக்கலைன்னா நீ யாருன்னு நோயாளிக்கு எப்படிம்மா தெரியும்? பேசணும். இல்லைன்னா இப்பவே போகலாம்.”

வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓடிப்போனால் அப்பா. சந்தை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே தலை குனிந்து நிற்கும் அப்பா. ஓடித்தான் எங்கே போவது? எந்த ஊருக்குப் போனாலும் பஸ்ஸில் பாலம் வரும், உதடு அசையும். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனாள்.

பொம்மை கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தது.

“தாத்தா, நான் மாணவி நர்ஸ் யுன்சி. உங்க உடம்பைத் துடைச்சுவிடப் போறேன்.”

புஸ்.

டீச்சர் தாளைப் பார்த்தபடி இருந்தார். யுன்சி துணியைப் பிழிந்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முகம் துடைத்தாள். கழுத்து. ரப்பர் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

“இப்ப கையைத் தூக்கப் போறேன்.”

தூக்க வேண்டியிருக்கவில்லை.

“என் பக்கமா திருப்பப் போறேன்.”

அவள் கை இன்னும் போர்வை மேலேயே இருந்தது. பொம்மை திரும்பியது. மெதுவாக. உதவியாக. முகம் அவள் வயிற்றுக்கு நேராக வந்து நின்றது.

“நல்லா செய்றே” என்றார் டீச்சர், நிமிராமல். “கை இப்பல்லாம் அலட்டிக்காம வருது. கடைசி ஒண்ணு பாக்கி.”

கடைசி ஒன்று. அழைப்பு மணியை நோயாளி கையில் கொடுக்க வேண்டும். கொடுத்து, ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் இல்லாமல் தேர்வு முடியாது. யுன்சியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கெஞ்சலாக டீச்சரைப் பார்த்தாள்.

“சொல்லும்மா. மறுபடி தோக்கணுமா?”

மணியின் ஒயர் எதிலும் சேர்ந்திருக்கவில்லை, கட்டில் கம்பியில் சும்மா சுற்றியிருந்தது. பயிற்சி மணி. அடிக்காது. அடிக்க முடியாது. அதை அந்த ரப்பர் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஏதாவது வேணும்னா இதை அழுத்துங்க, தாத்தா.” குரல் உடைந்தது. “எப்ப கூப்பிட்டாலும் நான் வருவேன்.”

டீச்சரின் பேனா தாளில் ஓடியது. “தேர்ச்சி. அடுத்த பொண்ணை வரச் சொல்லு.”

யுன்சி நகரவில்லை. மடங்காத ரப்பர் விரல்கள் மடங்கின. ஒவ்வொன்றாக. மணியைச் சுற்றி. கடைசியாகக் கட்டைவிரல் மேலேறி வந்து பொத்தான் மேல் உட்கார்ந்தது. அதன் நகம் நடுவே பிளந்து கறுத்திருந்தது.

மணி அடித்தது.