மரச்சீனி நீரில் வளர்ந்தது

அடைகாத்த கோழி மத்தியானமே பெட்டியை விட்டு இறங்கிவிட்டது. சத்தியபாய் அதைத் தூக்கி மறுபடியும் முட்டைகள்மேல் உட்காரவைத்துப் பார்த்தாள். அது கழுத்தை நீட்டி உமிக்குள் எதையோ பார்த்தது. பிறகு மழையில் குதித்து ஓடியது.

பெட்டி அவள் கட்டிலுக்கடியில் இருந்தது. முட்டைகளுக்குப் பக்கத்தில், உமிக்குள், மூடிய கண்ணாடித் தட்டு ஒன்றையும் அவள் புதைத்து வைத்திருந்தாள்.

தட்டு அவள் கணவன் யோசுவாவுடையது. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. மூத்த மகள் குடலில் புழு அடைத்து இறந்த பிறகு, புழுவின் முட்டைக்குள் நுழைந்து அதைத் தின்றுவிடும் வெள்ளைப் பூசணம் ஒன்றை அவன் வளர்த்தான். மரச்சீனிக் கிழங்கு வெந்த தண்ணீரில் கடற்பாசி காய்ச்சி உறையவைத்த தட்டில். அதற்கு இருட்டு வேண்டும், ஈரம் வேண்டும், இளஞ்சூடு வேண்டும். தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டத்தில் ஆஸ்பத்திரியைப் பூட்டியபோது தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

“புழுமுட்டைய மட்டும் ஆக்கும் தின்னும். பேடிக்காதே,” என்று அவளுடைய ஏழு மாத வயிற்றைத் தடவினான். மறுநாள் ஊர்வலத்துக்குப் போனவனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

“அதத் தோட்டுத் தண்ணியில கொண்டு எறி, மக்கா,” என்றாள் பக்கத்து வீட்டு ஜெயபாய். “பூசணத்துக்குப் பேறுகாலம் பாக்குதியா? அது என்ன, தமிழ்நாட்டுக்கு வோட்டுப் போடுமா?”

“அவியளுக்க மிச்சம் அதும், வயித்துல உள்ளதும் ஆக்கும், அக்கா.”

மழைக்குளிரில் பூசணம் வளராமல் நின்றது. செத்துவிடும் என்று பயந்துதான் கோழியின் சூட்டில் வைத்தாள்.

இப்போது விளக்கோடு குனிந்தபோது, ஓட்டிலிருந்து இறங்கும் மழையின் ஓயாத இரைச்சலுக்கடியில், நனைந்த உமியும் புளித்த மாவும் லேசான இனிப்பும் கலந்த ஒரு வாசம் அவள் முகத்தில் மெல்ல வந்து படிந்தது. ஒரு முட்டையை எடுத்தாள். கனமில்லை. ஓட்டில் கீறலும் இல்லை. சட்டி விளிம்பில் தட்டினாள்.

மஞ்சள் இல்லை. குஞ்சு இல்லை. பஞ்சு. நெருக்கமான வெள்ளைப் பஞ்சு.

அடுத்தது. அதுவும்.

தட்டின் மூடி விலகியிருந்தது. உமியில் நூல் நூலாக. பெட்டி விளிம்பில். கட்டில் காலில். மேலே, பாய்க்குள்.

அவள் படுக்கும் இடம் வரைக்கும்.

காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்தாள். இத்தனை நாளும் எழுவதற்குக் கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று வேண்டியிருக்கவில்லை.

சேலையை விலக்கினாள். தொப்புளைச் சுற்றி மெல்லிய வெள்ளை ரோமம். வயிறு பழையபடியே உருண்டு நின்றது. இரண்டு கையாலும் அடியில் தாங்கினாள்.

கனமில்லை.