தறிச் சத்தம்

குமாஸ்தா பழைய சாவு ஏடுகள் கட்டிய சிவப்புத் துணி மூட்டையை அவிழ்த்தபோதே அந்தச் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் நின்று, மறுபடியும் டக்.

"பக்கத்துல தறி ஓடுதுங்களா?" என்றான் சண்முகவேல்.

"தாலுகா கச்சேரியில ஏதுங்க தறி?" குமாஸ்தாக் கிழவர் சிரித்தார். "ஒரு வாய் சோறு தின்னுட்டு வாரேனுங்க. ஏட்ட ஆராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு வெளிய பூட்டிட்டுத்தான் போறது. நீங்க பாட்டுக்குப் பாருங்க."

பூட்டு விழுந்தது. குமாரபாளையத்துத் தறிக்காரனுக்குத் தறியின் தாளம் தெரியாதா? இந்தச் சத்தத்தில் தாளமே இல்லை.

அவனுக்கு வேண்டியது ஒரு தேதி. பிளேக் வந்து ஊரே காட்டுக் குடிசைக்குக் கிளம்பிய ஐப்பசியில் அவன் அம்மா பெரியநாயகி செத்துப்போனாள். அவனுக்கு அப்போது ஆறு வயது. எந்த நாள் என்று அப்பா குமாரசாமி சொன்னதே இல்லை. போன மாதம் சாகக் கிடந்தபோது கேட்டதற்கும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பெற்றவளுக்கு அவள் நாளில் இலை போட்டுச் சோறு வைக்காதவன் என்ன பிள்ளை? இருபத்தெட்டு வருஷமாக அந்த வேதனை அவனைத் தின்றது.

வெளியே உச்சி வெயில் கொளுத்த, உள்ளே அலமாரிகளுக்கு நடுவே இருட்டு அடைந்து கிடக்க, காய்ந்த வேப்பிலையும் பழந்தாளும் கலந்த வாடைக்கு அடியிலிருந்து மெல்ல மெல்லக் கந்தகப் புகை நாற்றம் எழும்பி வந்தது. அன்று தெருவெல்லாம் போட்ட புகை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனது ஞாபகம் வந்தது. பின்னால் முள் அடைத்த அவர்கள் வீட்டுக் கதவு. அதற்குள்ளிருந்து இதே சத்தம். கேட்டதற்கு அப்பா ஒரு பதில் சொன்னார். அவனும் நம்பினான்.

ஏட்டில் பெயர் கிடைத்தது. பெரியநாயகி, ஐப்பசி பத்து. ஓரத்தில் ஊர் முன்சீப்பின் பொடி எழுத்து: "ஊர் காலியாவதால் புருஷன் சொன்னபடி முன்கூட்டிப் பதியலாயிற்று. இன்னும் உயிர் இருக்கிறது."

அவன் ஒரு தரம் படித்தான். இன்னொரு தரம் படித்தான். "அம்மா..."

டக்.

அதன் பின்னால் சன்னமாக வளையல் ஒலி. அலமாரிக்குப் பின்னாலிருந்து.

ஓடினான். கதவு பூட்டிக் கிடந்தது. இரண்டு கையாலும் தட்டினான். வெளியே காலடி ஓசை. யாரோ நின்றார்கள்.

"ஐயா, உள்ளார ஆரோ தட்டறாங்க." சின்னப் பையனின் குரல். ஆறு வயதில் தனக்கு இருந்த குரல் என்று அவனுக்குத் தெரிந்தது.

"அது தறிச் சத்தம் சாமி." அப்பாவின் குரல்.

காலடி நகர்ந்தது. தூரமானது. நின்றது.

கந்தக நாற்றம் பிடரிக்குப் பின்னால் வந்து நின்றது. அவன் கைக்குப் பக்கத்தில், வளையல் போட்ட மெலிந்த கை ஒன்று, அதே கதவைத் தட்டத் தொடங்கியது.