அறுபத்து நாலு அலையும் மிச்சமும்

அக்கா வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. லேப்டாப் பையும் ஸ்பீக்கருமாக மூன்று மாடி ஏறி வந்த தம்பி, அந்த ஓட்டைகளைப் பார்க்காதவன் போலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனுக்குக் 'காது' என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி. பாடுகிறவர் எச்சில் விழுங்கினால் பக்கத்து அறையிலிருந்தே சொல்லிவிடுவான். அந்தக் காதை நம்பித்தான் அக்கா கூப்பிட்டிருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே போல ஒரு மத்தியானம், அக்காவுக்கும் மகளுக்கும் வாய்ச்சண்டை. மகளுக்கு வீட்டில் 'வாலு' என்று பேர். பதினாறு வயது, சொன்ன பேச்சு கேட்காத வயது. கோபித்துக்கொண்டு கீழே இறங்கியவளுக்குக் கொஞ்சம் புத்தி வரட்டும் என்று அக்கா தாழ்ப்பாளைப் போட்டாள். போனில் சத்தத்தை நிறுத்தினாள். அப்படியே கண் அயர்ந்துவிட்டாள். வாலுவுக்கு ஆஸ்துமா. உறிஞ்சும் இன்ஹேலர் மருந்து உள்ளே, மேசைமேல் இருந்தது.

எழுந்து பார்த்தபோது போனில் ஆறு விநாடிக் குரல் பதிவு ஒன்று இருந்தது. "அம்மா, கதவத் தொற. உள்ள வரணும்." சொல்லுக்குச் சொல் இடையில் விசிலடிக்கிற இழுப்பு. கதவைத் திறந்தபோது வாசலில் கிடந்த வாலுவுக்கு மூச்சு இல்லை; அன்றைக்கே அக்கா தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தாள்.

"தெனமும் இததான் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள் அக்கா. "இதே குரல்ல, ஒரே ஒரு தடவ, 'உள்ள வந்துட்டேன்'னு சொல்ல வச்சிரு. அப்பறம் நான் தூங்கிருவேன்டா."

"அவ சொன்னதில்லையேக்கா. நான் செஞ்ச பொய்தானே அது?"

"பொய்தான். அந்தப் பொய்தான் எனக்கு வேணும்."

பெற்ற வயிறு. அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

எந்தக் குரலும் பல வழுவழுப்பான விசில்களின் கூட்டம்தான். தொழிலில் சைன் அலை என்பார்கள். ஒவ்வொன்றும் எந்த உயரத்தில், எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அவற்றையே திரும்ப அடுக்கி வேறு சொல் சொல்ல வைக்கலாம். பழைய சட்டையை நூல் நூலாகப் பிரித்து வேறு சட்டை தைக்கிற மாதிரி. வாலுவின் குரல் அறுபத்து நான்கு அலைகளாகப் பிரிந்தது. அத்தனையையும் மூலப் பதிவிலிருந்து கழித்தால், எந்த விசிலிலும் அடங்காத ஒரு மிச்சம் நிற்கும். அது மூச்சு. புதுக் குரல் செய்து முடித்ததும் மிச்சத்தை மறுபடி சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குரலில் உயிர் இருக்காது. இது அவனுக்குத் தெரியாத பாடமில்லை.

ஆனால் மிச்சத்தைத் தனியாகக் கேட்டபோது அதில் இழுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆறு விநாடியும் ஒரு குழந்தை காற்றுக்குத் தவிக்கிற சத்தம். இதைப் போய் அக்கா காதில் மறுபடி போடுவதா?

அழித்துவிட்டான்.

மூன்றரைக்கு ஸ்பீக்கரைப் போட்டான். "அம்மா, உள்ள வந்துட்டேன்."

எட்டு மாதத்துக்குப் பிறகு அக்கா சிரித்தாள். அதைப் பார்த்ததும் அவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"இன்னொரு தடவ போட்டியாடா?" என்றாள் அக்கா.

"நான் போடலியே."

"அம்மா, உள்ள வந்துட்டேன்."

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். அலைகளை ஒவ்வொன்றாக ஊமையாக்கினான். பத்து, முப்பது, அறுபத்து நான்கு. திரையில் ஒரு கோடுகூட மிஞ்சவில்லை.

"உள்ள வந்துட்டேன் உள்ள வந்துட்டேன் உள்ள வந்துட்டேன்."

நடுவில் மூச்சு வாங்கவே இல்லை. உள்ளறையிலிருந்து வந்தது அது. ஏதோ மருந்து நெடி வேறு, கூடவே. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருப்போம். இவன் பிடித்தது என்னவென்று இவனுக்கே தெரியவில்லை.

அப்போது கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது.

இழுப்பு.

சற்றுமுன் அவன் அழித்த அதே இழுப்பு. அதில் ஒவ்வொரு திணறலும் அவனுக்கு மனப்பாடம்.

அக்கா எழுந்து நின்றாள். "அவ வெளியதானடா நிக்கிறா?"

அவன் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப உள்ள இருக்கறது யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். வரவில்லை. அவனும் சேர்ந்து இழுத்தான். தாழ்ப்பாளே இல்லாத கதவு, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. வெளியே மூச்சு தேய்ந்துகொண்டே வந்தது. அக்கா கதவில் கன்னத்தை வைத்து, "இருடா கண்ணு, தொறந்துட்டேன், தொறந்துட்டேன்" என்று அரற்றினாள்.

உள்ளறைக் குரல் நெருங்கி வந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னது. "வேணாம்மா. நான்தான் வந்துட்டேனே."

அவன் அலைகளில் கோக்காத சொற்கள் அவை.

வெளியே மூச்சு நின்றது. கதவு தானாகத் திறந்தது. வெளியே வெறும் படிக்கட்டு.

"என்கூட வந்துரு, அக்கா. இங்க இருக்காத," என்று அவன் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

"நாளைக்கும் வருவா," என்றாள் அக்கா, கதவைப் பார்த்தபடி. "நாளைக்குத் தொறந்துருவேன்."

தினமும் மூன்றரைக்கு அது நடந்தது. கதவைக் கழற்ற ஆசாரி ஒருவரைக் கூட்டிப்போனான். கீலில் கை வைத்த மனிதர், உள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு உளிப்பையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார். அக்கா ஒவ்வொரு நாளும் தோற்றாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இளைத்தாள். அவன் லேப்டாப்பை உடைத்தே போட்டான், ஒன்றும் மாறவில்லை.

மூன்றாவது வாரம் அவன் வீட்டில் இருந்தபோது போனில் அக்காவின் குரல் பதிவு வந்தது. மணி மூன்று நாற்பது.

"தம்பி நான் நல்லாருக்கேன் வாலு உள்ள வந்துட்டா நாங்க ரெண்டு பேரும் உள்ளதான் இருக்கோம்."

அக்கா ஒரு சொல்லுக்குக்கூட நிறுத்தவில்லை. பழகிய கை வேறென்ன செய்யும், ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த கணினியில் அந்தக் குரலைப் போட்டு அலைகளாகப் பிரித்தது.

அறுபத்து நான்கு.

கழித்துப் பார்த்தான். மிச்சம் எதுவும் இல்லை. எத்தனை தரம் கேட்டாலும் வெறும் அமைதி.

"அக்கா," என்றான், யாரும் இல்லாத அறையில்.

அவன் வீட்டு வாசல் கதவுக்கு வெளியே யாரோ மூச்சு வாங்கினார்கள். சின்ன வயதில் ஒரே பாயில் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. இப்போது அதில் இழுப்பும் சேர்ந்திருந்தது.

ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தான். இரண்டு கையாலும் இழுத்தான்.

அது அசையவில்லை.