சூடு போகும் இடம்

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் பிராசசரின் சூடு இருபத்தாறு டிகிரி என்று காட்டியது. அறைச் சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் முப்பத்து நான்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அக்கா டீக் கோப்பையோடு அறை வாசலில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு ஏறிய நேரம். திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தும் அதன் ஓரங்களில் வெளிச்சம் கசிந்து, தரையிலிருந்து சூடு கிளம்பி, வியர்வையும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசம் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கேபினட்டின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, பிராசசரைக் குளிர்விக்கும் புதிய கூலரின் இரண்டு ஃபேன்களும் சுற்றிக்கொண்டிருந்தன. நாற்காலியில் தம்பி, காதில் ஹெட்செட், வெறுங்காலைக் கேபினட் மேல் சாய்த்துக்கொண்டு, திரையில் யாரையோ துரத்திக்கொண்டிருந்தான்.

அவள் நர்ஸ். நாள் முழுக்க யாருடைய அக்குளிலாவது தெர்மாமீட்டரைச் செருகிக்கொண்டிருப்பவள். எண் இடித்தால் முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஆளை அல்ல என்பது வார்டில் படிந்த பழக்கம். சென்சார் கோளாறாக இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு டீயை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

போன வாரம் வரைக்கும் பிரச்சினை நேர்மாறாக இருந்தது. ஆட்டம் முக்கியமான கட்டத்துக்கு வரும்போதுதான் எண் தொண்ணூற்றைத் தாண்டும், பழைய ஃபேன் அலறும், திரை பட்டென்று அணையும். தம்பி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வான். படிப்பைப் பாதியில் விட்டு, கிடைத்த வேலையும் போய், அக்கா வீட்டில் சாப்பிடும்போதுகூடத் தலை நிமிராமல் இருந்தவன் அவன். அவனைத் தேடி ஓர் ஆன்லைன் விளையாட்டு அணியின் தேர்வு ஆட்டத்துக்கு அழைப்பு வந்திருந்தது. ஜெயித்தால் சம்பளம், தங்க இடம், பேர். தோற்றால் என்ன செய்வான் என்று நினைக்கவே அவளுக்குப் பயம். சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் அவன் கதவைத் தாழிட்டுக்கொண்டு, எவ்வளவு தட்டியும் திறக்காமல் இருந்தான். அதை அவள் அம்மா அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

அதனால்தான் இருவரும் நேரே கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி தொங்க, கடைக்காரர் இரண்டு பெட்டிகளை முன்னால் வைத்தார். ஒன்றில் தண்ணீர் ஓடும் குழாய்களும் கலர் கலராக எரியும் விளக்குகளும். இன்னொன்று காற்றுக் கூலர்: செம்புக் குழாய்களில் கோத்த அலுமினியத் தகடுகள், இருபுறமும் ஃபேன், தூக்கினால் செங்கல் கனம்.

"இதுதான்க்கா," என்று தம்பி தண்ணீர்க் கூலரைத் தொட்டான். "எல்லாரும் இதைத்தான் போடுறாங்க."

"தண்ணியும் கரண்டும் ஒரே பெட்டிக்குள்ள. ரொம்ப நல்லா இருக்கும். கசிஞ்சா நான் ஆஸ்பத்திரில இருப்பேன், நீ தனியா இருப்ப."

கடைக்காரர் சிரித்தார். "கசியாது மேடம். ஆனா உங்க பிராசசருக்குக் காத்துக் கூலரே தாராளம். உயரம் மட்டும் பாத்துக்குங்க, கேபினட் கதவு மூடணும்ல."

அவள் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்ததும் தம்பி வெட்கத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கேபினட்டின் உட்புறத்தை அவள் காலையிலேயே அளந்துவிட்டுத்தான் வந்திருந்தாள். விரல் நுழையும் அளவுக்கு இடம் மிச்சமிருந்தது. காற்றுக் கூலரைத் தேர்ந்தெடுத்ததும் அவள், வீட்டுக்கு வந்து மாட்டியதும் அவள். பழையதைக் கழற்றி, காய்ந்து போயிருந்த, சூடு கடத்தும் பேஸ்ட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, புதியதைப் பட்டாணி அளவுக்கு வைத்து, நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி முறுக்கினாள். கட்டுப் போடுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று தம்பியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள்.

அன்றிலிருந்து மெஷின் ஒரு முறைகூட அணையவில்லை.

அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது டீ தொடப்படாமல் இருந்தது. கோப்பையை எடுத்தவள் உடனே கீழே வைத்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததைப் போல இருந்தது. அதன் வெளிப்புறத்தில் நீர் துளிர்த்து, மேசையில் வட்டமாக ஈரம் படிந்திருந்தது. வாசலில் நின்றபோது முதுகில் வழிந்த வியர்வை இங்கே, நாற்காலிக்குப் பக்கத்தில், சட்டென்று குளிர்ந்தது. திரையில் இருபத்தொன்று.

அவன் நெற்றியில் கை வைத்தாள்.

"என்னடா இப்படி ஜில்லுனு இருக்க?"

"விடுக்கா. செலக்‌ஷன் மேட்ச், ரெண்டாவது ரவுண்டு. எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க."

குரலில் சோர்வே இல்லை. சொல்லப்போனால் இவ்வளவு தெளிவாக அவன் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. விரல்கள் தடுமாறாமல் ஓடின, குறி ஒன்றுகூடத் தவறவில்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவன் நகங்களைப் பார்த்தாள். நாவல் பழம் தின்றவன் உதடு மாதிரி நீலம் பாரித்திருந்தன.

தன் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வந்து அவன் அக்குளில் வைத்தாள். அவன் தடுக்கவில்லை, கவனிக்கவும் இல்லை. கருவி நெடுநேரம் யோசித்துவிட்டுக் கீச்சிட்டது. எண் வரவில்லை, வெறும் கோடுகள். அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று அர்த்தம். துடைத்துவிட்டுத் தன் அக்குளில் வைத்துப் பார்த்தாள். சரியாகக் காட்டியது.

கருவியில் கோளாறு இல்லை.

அவள் அந்த அறையில் இருக்கவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல் நடந்தாள். சன்னலைத் திறந்தாள், வெக்கை முகத்தில் அறைந்தது, மூடினாள். போர்வையைக் கொண்டுவந்து அவன் தோளில் போர்த்தினாள். கேபினட்டில் சாய்ந்திருந்த அவன் காலைப் பிடித்து இழுத்துத் தரையில் வைத்தாள். கால் கனத்தது. எண் மாறுகிறதா என்று பார்த்தாள். மாறியது. பத்தொன்பது.

அப்போதுதான் ஃபேன் சத்தத்தைக் கவனித்தாள். நல்ல ஃபேன் ஒரே சுதியில் ஓடும், கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிடும். இது அப்படி ஓடவில்லை. மெல்ல ஏறியது, உச்சியில் ஒரு கணம் நின்றது, இறங்கியது. ஓர் இடைவெளி. மறுபடி ஏறியது. வார்டில் விளக்கணைத்த பிறகு கட்டில்களுக்கு நடுவே நடந்து பழகியவளுக்கு அந்தச் சத்தத்தை அடையாளம் காணக் கஷ்டம் இல்லை. யாரோ ஆழ்ந்து மூச்சு இழுத்தார்கள். அவள் தம்பியின் மார்பைப் பார்த்தாள். ஃபேன் ஏறும்போதெல்லாம் அவன் மார்பு உள்வாங்கியது.

அறை வாசலுக்கு வந்து கடைக்காரருக்குப் போன் செய்தாள். முதுகை அறைப்பக்கம் காட்டி நிற்கத் தைரியம் வரவில்லை.

"அண்ணா, உங்ககிட்ட ரெட்டை ஃபேன் கூலர் வாங்கினோம்ல. ரூம் சூட்டைவிடக் கம்மியா காட்டுது."

"காட்டாது மேடம். காத்துக் கூலர் ரூம் சூட்டுக்குக் கீழ போக வழியே இல்ல. அது ஃபேன், ஃப்ரிட்ஜ் கிடையாது."

"காட்டுது. இப்ப பதினேழு."

மறுமுனையில் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு வந்தார். "அடியில செம்புத் தகட்டுல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கண்ணுக்கே தெரியாது. மாட்டுறதுக்கு முன்னாடி உரிச்சீங்கல்ல?"

அவள் கண்களை மூடி யோசித்தாள். பஞ்சு ஞாபகம் இருந்தது. பேஸ்ட் ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு திருகும் விரலில் ஞாபகம் இருந்தது. உரித்த ஞாபகம் மட்டும் எங்கே தேடியும் இல்லை.

"உரிக்கலண்ணா."

"நிறைய பேர் பண்ற தப்புதான். ஆனா அப்படின்னா கொதிச்சு அணைஞ்சிருக்கணுமே மேடம். நடுவுல தாள் இருந்தா பிராசசர் சூடு கூலருக்குப் போகாது. எப்படிக் குறையும்?"

"அப்ப இது யாரோட சூட்டை இழுக்குது?"

கேட்டது அவள்தான். எது என்று கேட்க நினைத்து வாய் யார் என்று கேட்டுவிட்டது. மெஷினை அணைத்துவிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் அவசரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

முதல் நாள் எண் முப்பத்தேழில் வந்து நின்றது இப்போது அவள் நினைவுக்கு வந்தது. தொண்ணூறிலிருந்து முப்பத்தேழு. இருவரும் கை தட்டினார்கள். விளையாடினாலும் முப்பத்தேழு, சும்மா விட்டாலும் முப்பத்தேழு. நோயாளிகளின் உடம்புச் சூடாகத் தினமும் நூறு முறை அந்த எண்ணை எழுதுகிறவள், பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறாள். அது பிராசசரின் எண்ணே இல்லை.

ஓடினாள். பதினான்கு.

"நிறுத்துடா. போதும்."

"கடைசி ரவுண்டுக்கா."

"உன் உடம்பு சரியில்ல. நான் சொல்றேன்ல, எந்திரி."

"இதை மட்டும் விளையாடிக்கிறேன்." அவன் திரும்பவில்லை. "இப்ப புடுங்கினா நான் அவ்வளவுதான்க்கா."

அவள் கை சுவிட்ச்சின் மேல் இருந்தது. தாழிட்ட கதவு கண்முன் வந்தது. உள்ளங்கை வலிக்கத் தட்டியதும், உள்ளே சத்தமே இல்லாமல் இருந்ததும் வந்தது. ஒரு ரவுண்டு. ஒரே ஒரு ரவுண்டு, முடிந்ததும் சுடுநீர், கம்பளி, ஆம்புலன்ஸ், எல்லாம். கையை எடுத்துக்கொண்டாள்.

காத்திருந்தாள்.

பதினொன்று. அவள் பற்கள் மோதிக்கொண்டன. சுவரில் தெர்மாமீட்டர் முப்பத்து நான்கிலேயே நின்றது. ஒன்பது. போர்வையின் ஓரம் விறைத்திருந்தது. ஃபேன் இழுத்தது. நின்றது. நீளமாக இழுத்தது.

ஆறு.

திரையில் பெரிய எழுத்துகள் மின்னின. ஹெட்செட்டிலிருந்து கூச்சல் கசிந்தது, யார் யாரோ அவனைப் பாராட்டினார்கள். அவள் சுவிட்ச்சைத் தட்டிவிட்டு வயரையும் பிடுங்கி எறிந்தாள்.

திரை கறுத்தது. கூச்சல் நின்றது.

ஃபேன் நிற்கவில்லை.

கேபினட்டைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணாடிக் கதவைக் கழற்றினாள். திருப்புளியை எடுத்தாள், கை நழுவியது, மறுபடி எடுத்தாள். ஒன்று. எதிர் மூலை. அடுத்தது. ஃபேன் வயரை உருவினாள். கூலர் கையோடு வந்தது. அடியில் தாள், உரிக்கப்படாமல், அவள் வைத்த பேஸ்ட்டோடு. கீழே பிராசசரில் விரல் பட்டது. தோல் பொசுங்கும் வாசம் வந்தது. கையை உதறினாள்.

அது கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இத்தனை நாளும்.

வயர் காற்றில் தொங்கியது. அவள் கைக்குள் இரண்டு ஃபேன்களும் சுற்றின. ஏறின. நின்றன. ஏறின.

பின்னால் மவுஸ் சொடுக்கும் சத்தம். டக். டக். கறுத்த திரைக்கு முன்னால் அவன் விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. நாற்காலி மெல்லத் திரும்பியது.

"ஜெயிச்சுட்டேன்க்கா," என்றான். சின்ன வயதில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கி வந்தபோது சிரித்த அதே சிரிப்பு. "எடுத்துக்கிட்டாங்க. இனிமே உனக்குக் கவலையே இல்ல. ஏன் அழற?"

அவள் அவன் முகத்தருகே குனிந்தாள். பேசச் சொல் வரவில்லை, மூச்சுதான் வந்தது. அது வெள்ளைப் புகையாக அவனுக்கும் அவளுக்கும் நடுவே எழுந்து, கலையாமல், அவள் கையிலிருந்த ஃபேனை நோக்கிச் சாய்ந்தது.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். முதல் சம்பளம் என்றான். நீ லீவு போடு, எங்கேயாவது போகலாம் என்றான். அம்மாவுக்கு நீயே சொல்லு என்றான். வாய் திறந்து திறந்து மூடியது.

அதிலிருந்து புகை வரவில்லை.